பால் மறக்கடிக்கும் வில்லை

என் வீட்டுக்காரர் மணியம் உலகத்திலுள்ள சாமான்களை எல்லாம் மூன்றே வகையாகப் பிரித்து வைத்திருந்தார். உள்ளுக்குச் சாப்பிடுவது, வெளியே பூசுவது, பூட்டி வைப்பது. மலாயாவில் போர்டிக்சன் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் அவர்தான். வெள்ளைக்கார டாக்டர் சிரம்பானிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து, நாலு பேரின் நாக்கைப் பார்த்துவிட்டு, மானேஜர் பங்களாவில் சாப்பிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், சீழ்ப்புண், பாம்புக்கடி என்று எது வந்தாலும் இவர் தலையில்தான் விடியும்.

மருந்தறையின் இடது பக்கம் திறந்த தட்டு. பேதி உப்பு, இருமல் மருந்து, பெரிய கண்ணாடி ஜாடி நிறைய மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா வில்லை எல்லாம் அங்கே இருக்கும். நடுத்தட்டில் களிம்பும் அயோடினும். வலது பக்கம் இரும்பு அலமாரி. அதன் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும், குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். உள்ளே மார்பியா, அபின் சாராயம், எட்டிக்கொட்டைச் சத்து என்று எமனுக்குச் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். விஷப்புட்டி நீல நிறமாக, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கும். கண் ஏமாந்தாலும் கை ஏமாறக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

சோறு போட்டால்கூட அவருக்குப் பேச்சு அதைப் பற்றித்தான்.

"சட்டம் ஒரு மாதிரி பிரிக்கும், வைத்தியம் ஒரு மாதிரி பிரிக்கும் நீலா. அபின் இருக்கே, வைத்தியத்துக்கு அது வலி மருந்து. சட்டத்துக்கு விஷம். நான் பூட்டித்தான் வைக்கணும். ஆனா அதே அபினை டவுன்ல சர்க்கார் கடையில சீட்டு வச்சிருக்கிறவன் வாங்கிப் புகைக்கலாம்."

"அப்ப என்னதான் அது? மருந்தா, விஷமா, சுருட்டா?"

"யார் கையில இருக்குங்கிறதைப் பொறுத்தது."

"அப்ப என்னை எந்தத் தட்டுல வைப்பீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவருக்குக் கிண்டல் புரியாது. சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார். கை கழுவிவிட்டு வந்து, "உன்னைப் பூட்டித்தான் வைக்கணும். தீர்ந்து போனா வேற கிடைக்காது" என்றார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்களுக்குப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

லயத்து வீடுகளில் வரிசையாகக் குடியிருந்த தோட்டத்து ஜனங்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆசை கிடையாது. காரணம் கொய்னா. மழைக்காலம் வந்து காய்ச்சல் பரவினால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வில்லையை வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றுவார். பிறகு, "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்று ஒவ்வொரு வாயாகப் பார்ப்பார். பாதிப்பேர் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, மரத்தடிக்குப் போனதும் துப்பிவிடுவார்கள். அவருக்குக் 'கசப்பு ஐயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்தான். மானேஜர் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். டாக்டர் கார் வரவில்லை. மருந்து லாரியும் வரவில்லை. ரப்பர் பால் வெட்டுவது நின்று, ரப்பருக்கு நடுவே ஜனங்கள் மரவள்ளி நட்டார்கள்.

ஒருநாள் ராணுவ லாரியில் ஒரு அதிகாரியும் அவனோடு ஒரு துபாஷியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இவர் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு, கேட்கும் முன்பே இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அதிகாரி மார்பியாவை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, திறந்த தட்டுக்குப் போனான். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், யாரும் தொடக்கூட விரும்பாமல் இருந்த கொய்னா ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். காட்டுச் சண்டையில் குண்டில் சாகிற சிப்பாயைவிடக் காய்ச்சலில் சாகிறவன் அதிகம் போலிருக்கிறது. இனிமேல் கொய்னா ராணுவத்துச் சொத்து, அனுமதியில்லாமல் ஒளித்து வைத்திருக்கிறவனுக்கு அடி, சிறை, அதற்கு மேலும் உண்டு என்று துபாஷி சொல்லிவிட்டுப் போனான்.

அன்று அவர் சாப்பிடவில்லை. "பூட்டி வைக்க வேண்டிய அபினைச் சிரம்பான்ல இவனுங்களும் கடை போட்டு விக்கிறானுங்க. பச்சைப் புள்ளைக்குக் குடுக்கிற கொய்னாவுக்கு ஜெயிலாம்" என்று முனகிக்கொண்டே இருந்தார். யாரோ வீட்டுக்குள் புகுந்து சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது அவர் முகம்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அவரே லயத்தில் வீடு வீடாகப் போனார். "காய்ச்சல் மருந்து வச்சிருக்கிறவங்க கொண்டாந்து குடுத்திருங்க. புடிச்சா உங்க உசிருக்கு ஆபத்து" என்று கேட்டு வாங்கினார். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து மருந்துப் புட்டிகள் கிடைத்தன. கடைசியில் எங்கள் அடுப்படி மாடத்துக்கும் வந்தார். எனக்கென்று அவரே எடுத்து வைத்திருந்த சின்னப் புட்டி அங்கே இருந்தது.

"உங்களுக்குக் கிறுக்கு ஏதும் புடிச்சிருக்கா? வீட்டுல இருக்கிறதையும் கொண்டுபோய்க் குடுப்பீங்களா?"

"சட்டம் நீலா. நான் ஒளிச்சு வச்சுக்கிட்டு அடுத்தவன் வீட்டுல எப்படிக் கேக்கிறது?"

"இது யார் சட்டம்? நேத்து வந்தவன் சட்டம்!"

"யார் சட்டமா இருந்தா என்ன? புடிச்சா தலை போகுது."

புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சநாள் நான் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை நங்கென்று வைப்பேன். அவர் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் போவார்.

நாங்கள் சமாதானமானதற்குக் காரணம், எனக்கு நாள் தள்ளிப்போனது. முதலில் சாப்பாட்டுக் குறைவால்தான் என்று நினைத்தேன். தோட்டத்து மருத்துவச்சி முத்தாயி அக்காதான் என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடி இவளே, ஜப்பான்காரன் அரிசியப் புடுங்கிட்டு இதைக் குடுத்திருக்கான் பாரு" என்றாள். மணியத்திடம் சொன்னேன். அவர் உள்ளங்கையை என் வயிற்றின்மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். ரேஷனில் வந்த அரிசியில் அவர் பங்கும் அன்றிலிருந்து என் தட்டுக்கு வந்தது.

ஏழாம் மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறும் நேரத்தில் பல் கிட்டும். இருக்கிற சாக்கு எல்லாம் போர்த்தினாலும் கட்டில் ஆடும். பிறகு சூடு, பிறகு வேர்வை. மறுநாள் சும்மா இருக்கும், அதற்கடுத்த நாள் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் என்னிடமிருந்து கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். வயிற்றுக்குள் பிள்ளை முன்பு மாதிரி உதைக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செத்தால் போகிறது என்று சொல்கிற ஆள்தான் நான். ஆனால் உள்ளே இருக்கிறதை வெளியே விட்டுவிட்டுச் சாகவேண்டும் என்று மாரியம்மனிடம் பேரம் பேசினேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போர்டிக்சனுக்குப் போனார். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த சுல்தான் பாய்க்கு எல்லாக் கள்ளச் சரக்கும் வந்து போகிற வழி தெரியும். அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்து சொன்னபடி சொல்கிறேன்.

"கொய்னான்னு வாயால சொல்லாதீங்க டிரஸரே, சூசாவாப் போயிடும், மாட்டிக்குவோம்" என்று சுல்தான் பாய் அவரைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனாராம். "யாருக்கு வேணும்?"

"எம் பொண்டாட்டிக்கு. ஏழு மாசம்."

சுல்தான் பாய் தாடியைத் தடவினாராம். "இருக்குன்னு சொல்லி ரெண்டு பேர் கொண்டாந்து தர்றானுங்க. பாதி சுண்ணாம்பு, மீதி மாவு. மத்தவனுக்கு விக்கிறேன், பொய் சொல்லல. உங்க வீட்டுக்கு அதைக் குடுத்து அனுப்ப என்னால முடியாதுலா. அபின் வேணும்னா சொல்லுங்க, அதுக்குப் பயமே இல்ல, கடையிலயே கிடைக்கும்."

இவர் சைக்கிளைத் திருப்பினாராம். சுல்தான் பாய் ஓடிவந்து ஒரு துண்டு குலா மலாக்கா வெல்லத்தைச் சட்டைப்பையில் திணித்து, "தங்கச்சிக்குக் கரைச்சுக் குடுங்க" என்றாராம். அந்த வெல்லத் தண்ணீரை எனக்கு ஊட்டும்போதுதான் அவர் அதைச் சொன்னார். "அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் நீலா" என்றார். ஆமாம் என்று திட்ட எனக்கு ஆசைதான். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.

மறுநாள் தாயம்மா வந்தாள். மூன்றாம் லயத்துக்காரி. அவள் புருஷன் நல்லசாமியைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டு வயது தாண்டிய மகள் செல்லம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரவள்ளிக் கஞ்சியைச் சட்டியில் கொண்டுவந்திருந்தாள். நான் காய்ச்சல் விட்டுக் கிடந்தேன். மணியம் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்த உடனே செல்லம்மா தாயின் ரவிக்கையை இழுக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் சும்மா இருடி! பாருங்க டிரஸரம்மா, இதுக்கு மறக்கடிக்கணும். எனக்குத் திங்கிறதே கெழங்கு, அதையும் இவ உறிஞ்சுட்டா எந்திரிச்சு நிக்க முடியல, கண்ணு இருட்டுது. வேப்பெண்ணெ பூசினேன், பாவாடையால தொடச்சிட்டுக் குடிக்கிறா. இனி அந்தக் கசப்பு வில்லைய ஒரசிப் பூசினாத்தான் விடுவா. அதான் மனசு வரல. அப்பனும் பக்கத்துல இல்ல, இதையும் புடுங்கணுமான்னு இருக்கு."

மணியத்தின் கை என் நெற்றியில் அப்படியே நின்றது.

"எந்த வில்லை?"

"அதாங்கய்யா, புள்ள பொறந்தா நீங்க ஆஸ்பத்திரியில பொட்டலம் கட்டிக் குடுப்பீங்களே. வெள்ளையா, வட்டமா."

"அது கொய்னா! வீட்டுல போய்த் தினம் ஒண்ணு முழுங்கச் சொல்லிக் குடுத்தது. நீ முழுங்கலையா?"

தாயம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாருமே முழுங்க மாட்டோங்கய்யா. தாய் முழுங்கினா பால் கசக்கும், புள்ள குடிக்காது, பத்திரமா வச்சிரு, பால் மறக்கடிக்கையில ஆகும்னு முத்தாயி அக்கா சொல்லும். எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தான்."

"நான் அன்னைக்கு வீடு வீடா வந்து கேட்டேனே!"

"நீங்க காய்ச்சல் மருந்துன்னு கேட்டீங்க. இது பால் மறக்கடிக்கிற வில்லை. இதைப் போயி ஜப்பான்காரன் எதுக்குக் கேக்கப்போறான்னு யாரும் எடுக்கல."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார். ஜப்பான்காரன் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சட்டம் ஒரு மாதிரி பிரிக்கும், வைத்தியம் ஒரு மாதிரி பிரிக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தியவருக்கு, லயத்துப் பெண்கள் மூன்றாவதாக ஒரு மாதிரி பிரித்து வைத்திருந்தது இத்தனை வருஷமும் தெரியவில்லை. அவர் கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லாம் துணிப்பெட்டிக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தன.

சிரிப்பு சட்டென்று நின்றது. "கேக்க எனக்கு முகம் இல்லை தாயம்மா. ஒளிக்காதீங்கன்னு சொன்னவன் நான். இப்ப எம் பொண்டாட்டிக்குன்னதும் ஒளிச்சு வச்சதைக் குடுங்கன்னு போய் நிக்கிறதா? அதுவும் புடிச்சா உங்களையும் அடிப்பான்."

"நீங்க ஏன் கேக்கணும்? நான் கேக்கிறேன்" என்று தாயம்மா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மத்தியானம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வெற்றிலைப் பையைத் திறந்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் கட்டில் ஓரத்தில் வைத்தார்கள். சிலர் வரவில்லை. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பாதியை மட்டும் கொடுத்து, மீதி எனக்கு வேணும் என்று நேராகச் சொன்னாள். அதுவும் நியாயம்தான். பெரட்டில் அவரிடம் அதிகம் மாட்டிக்கொண்ட லெட்சுமி மட்டும் போகும்போது, "வாயைத் தெறந்து காட்டணுமா ஐயா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாயம்மா தன் பொட்டலத்தைக் கடைசியாக வைத்தாள். அதன் முடிச்சுகூடப் பிரிக்கப்படவில்லை.

முத்தாயி அக்காவுக்கு விஷயம் எட்டியது. வாசற்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வயித்துப் புள்ளக்காரிக்கா கொய்னா? டிரஸரே, உங்களுக்குப் புத்தி இருக்கா? புள்ள வேணாம்னு ஒளிஞ்சு மறைஞ்சு வர்றவளுக எதைத் தின்னாளுகன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். ரத்தம் அள்ளினவ நான்."

"தெரியும் அக்கா. அவங்க ஒரே நேரத்துல கை நிறைய முழுங்கினாங்க. அளவு மீறினா கலைக்கும். அளவோட குடுத்தா காய்ச்சலைத்தான் கலைக்கும்."

"அந்த அளவு உங்களுக்குத் தெரியுமா? ஏழு மாசம்! எத்தனை வருஷம் கழிச்சு வந்தது!"

எதைக் கேட்டாலும் உள்ளுக்கு, வெளியே, விஷம் என்று அடித்துச் சொல்கிற மனிதர் அவர். என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார்.

"புஸ்தகத்துல இந்த அளவு குடுக்கலாம்னு போட்டிருக்கு. நான் குடுத்துப் பார்த்ததில்ல நீலா. இந்த மாதிரி நேரத்துல பொம்பளைங்க எங்கிட்டயிருந்து ஒளிஞ்சிடுவாங்க. குடுக்காம விட்டா காய்ச்சல் உன்னையும் கொல்லும், புள்ளையையும் கொல்லும், அது எனக்கு நிச்சயம். குடுத்தா புள்ள தங்குமா, எனக்குத் தெரியாது."

அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷம் பெரிய தைரியமாக இருந்தது.

ஒரு வில்லையில் பாதியை என் உள்ளங்கையில் வைத்தார். குவளையில் தண்ணீர் வைத்தார். பிறகு எழுந்து போய், எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நின்றார். தோட்டத்து வாயையெல்லாம் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்த மனிதர், நான் விழுங்கினேனா துப்பினேனா என்று பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டார். முத்தாயி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் வயிற்றைத் தொட்டு, "உனக்கும் எனக்கும் சேர்த்து" என்று சொல்லி விழுங்கினேன். குமட்டியது. நெஞ்சுவரை கசந்தது. அந்தக் கசப்பைத் துப்பியவர்களை எல்லாம் மனசார மன்னித்தேன்.

மிச்ச வில்லைகளை அவர் ஒரு நீலப் புட்டியில் போட்டு, 'விஷம், வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டி இரும்பு அலமாரிக்குள் வைத்தார். அவர் கையால் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். ஒருநாள் சிப்பாய் ஒருவன் சோதனைக்கு வந்து அந்தப் புட்டியைத் தூக்கினான். இவர் கழுத்தை நெரித்துக்கொள்வது போல் சைகை காட்டியதும் கீழே வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் படுத்தே கிடந்தார்.

மருந்து விழுங்கிய நாள்களில் நான் ஒவ்வொரு சின்ன வலிக்கும் செத்துப் பிழைத்தேன். முதுகு இழுத்தால் வந்துவிட்டது என்று நினைப்பேன். காது இரண்டிலும் வண்டு இரைந்தது. முத்தாயி அக்கா சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் என் காலடியிலேயே படுத்துக்கொண்டாள். காய்ச்சல் வரவேண்டிய நாள் வந்தது. வெயில் ஏறியது. நாங்கள் மூன்று பேரும் வாசல் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கியது. குளிர் வரவில்லை. அப்போது வயிற்றுக்குள் ஒரு உதை, நல்ல உதை. நான் அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். முத்தாயி அக்கா, "சரி, உங்க அளவு சரிதான் டிரஸரே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

பிள்ளை நாள் நிறையும் முன்பே பிறந்தான். உரித்த கோழி மாதிரி இருந்தான், ஆனால் உயிரோடு இருந்தான், அழுதான். அவர் அவனைத் துணியில் வாங்கி, விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். அவர் மறுபடியும் முதல் விரலிலிருந்து தொட ஆரம்பித்தார்.

ஆனால் எனக்குப் பால் இறங்கவில்லை. காய்ச்சலும் கிழங்கும் உடம்பில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. முத்தாயி அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், முருங்கைக்கீரையை அவித்துக் கொடுத்தாள், பிழிந்து பார்த்தாள். இரண்டு சொட்டு வரும், அதோடு நிற்கும். டின் பால் போர்டிக்சனிலும் இல்லை, சிரம்பானிலும் இல்லை. அரிசித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். அதை அவன் கடைவாயில் வழியவிட்டான். மூன்றாம் நாள் அழுவதையும் நிறுத்திவிட்டான். அழுகிற பிள்ளை பரவாயில்லை. அழாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொடுத்த மருந்து, இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து பசியில் விடத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மணியம் வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயம்மா காட்டு வேலையிலிருந்து நேராக வந்தாள். செல்லம்மா அவள் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் மடியில் கிடந்ததைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கை, மார்பெல்லாம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"குடுங்க இப்படி."

"உனக்கு இன்னுமா பால் இருக்கு?" என்றாள் முத்தாயி அக்கா. "இவளுக்கு அப்பவே மறக்கடிக்கப்போறேன்னியே."

"எதைப் பூசி மறக்கடிக்கிறது? வில்லையத்தான் இங்க குடுத்துட்டேனே" என்றாள் தாயம்மா.

வற்றிப்போன முகம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ, அவள் அழுத்தியதும் பால் என் பிள்ளையின் உதட்டில் பீச்சியது. அவன் சப்புக்கொட்டினான். தேடினான். பிடித்துக்கொண்டான். செல்லம்மா உதட்டைப் பிதுக்கி அழ ஆயத்தமானாள். தாயம்மா அவளை மறுபக்கம் இழுத்து அணைத்து, "தம்பிக்கு அந்தப் பக்கம், உனக்கு இந்தப் பக்கம். சண்ட போடக்கூடாது" என்றாள். இரண்டு பிள்ளைகளும் குடித்தார்கள். மடக் மடக் என்று என் பிள்ளை விழுங்குகிற சத்தம் வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். மணியம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

நான் குனிந்து தாயம்மாவின் காலைத் தொட்டேன். அவள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"சும்மா இருங்கம்மா" என்றாள். "அசைச்சா புள்ள வாயை விட்டுடும்."